சுண்ணாம்புக்குக் கீழே

செப்டம்பர் 9, திங்கள்

ஞாயிறு என்று அச்சடித்திருக்கிறது. அதை அடித்துத் திங்கள் என்று எழுதியிருக்கிறேன். இது போன வருடத்து டைரி. மாவு மண்டிக்காரர் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. சந்தியாகு (இனி பேர் சொல்லி எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்?) மார்ச் ஆறாம் தேதி வரை எழுதியிருக்கிறார். 'மைதா நான்கு மூட்டை.' 'அடுப்பில் சூடு நிற்கவில்லை.' 'பிலோமிக்கு முழங்கால் தைலம்.' ஏழாம் தேதி காலை பேக்கரியில் மாவு பிசைகிற மேஜை மேலேயே சாய்ந்துவிட்டார். எனக்குத் தைலம் வரவில்லை. மீதிப் பக்கங்கள் சும்மா கிடக்கின்றன. நல்ல தாள், வீணாக்குவானேன்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஹிலாரி சாமியார். எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். மேட்டுக் கோயிலுக்குப் பின்னால் சரிவில் இருக்கிற பழைய கல்லறைத் தோட்டத்தைக் கணக்கெடுக்க வேண்டும். குன்னூரில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த நாளில் போட்டது. சைப்ரஸ் மரம், கமீலியாச் செடி, வளைந்து வளைந்து போகிற கல் பாதை என்று, செத்தவர்கள் சாயங்காலம் உலாவ வேண்டும் என்பதுபோலக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் கோயில் பங்கில் யாரும் அதைக் கல்லறை என்று சொல்வதில்லை, பூந்தோட்டம் என்பார்கள். "அவரா? பூந்தோட்டத்துக்குப் போயி ரெண்டு வருஷமாச்சே" என்றால் புரிந்துகொள்ள வேண்டும்.

புதுக் கல்லறையில் இனி ஊசி குத்தக்கூட இடமில்லையாம். அதனால் பழைய தோட்டத்தில் கேட்பாரில்லாத குழிகளைத் திறந்து, எலும்பை எடுத்து மூலையிலுள்ள எலும்புக் கிணற்றில் போட்டுவிட்டு, புது ஆட்களை வைப்பது என்று பங்குப் பேரவை தீர்மானம் போட்டிருக்கிறது. மொத்தம் நூற்றிப்பன்னிரண்டு. எண், பெயர், ஆண்டு, கேட்பார் உண்டா இல்லையா. நான்கு கட்டம்.

"நீங்கதாம்மா சரியான ஆளு. இங்கிலீஷும் வரும், யார் யார் வந்து திரி ஏத்துறாங்கன்னும் தெரியும்" என்றார் சாமியார். டெலிபோன் எக்சேஞ்சில் முப்பத்திரண்டு வருடம் ஊராருடைய பேச்சைக் கேட்டவளுக்கு ஊர் தெரியாமல் இருக்குமா? சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் என்ன வேலை கிடக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரைதான் கதவு திறந்திருக்கும். சாவி குழிவெட்டும் ஆரோக்கியத்திடம். காலையில் அவர் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வேலைக்குப் போகிறார். நாலு மணிக்கு மேல் மஞ்சு இறங்கிவிடும், பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாது. ஆக இரண்டு மணி நேரம்.

இன்று பதினொன்று முடித்தேன். ஒரு கர்னல், ஒரு கர்னலுடைய இரண்டு மனைவிகள் (அடுத்தடுத்து, மூன்றாவதுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்), காலராவில் ஒரே வாரத்தில் போன ஐந்து சிப்பாய்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை'. கை கூசவில்லை. நூற்றி முப்பது வருடம் படுத்தாயிற்று, போதாதா?

தோட்டத்தில் பகலில்கூட ஒரு அமைதி இருக்கிறது. எக்சேஞ்சில் சில லைன் அப்படி இருக்கும். மணி அடிக்கும், எடுத்தால் பேச்சு வராது. ஆனால் செத்த லைன் இல்லை அது, எதிரில் ஆள் இருக்கிறார் என்று காதுக்குத் தெரியும். "ஹலோ, பேசுங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுக் காத்திருப்போம். இன்று கீழ்ச் சுவர் ஓரமாகப் போகும்போது அப்படித்தான் இருந்தது. நான் "ஹலோ" சொல்லவில்லை. பைத்தியமா எனக்கு.

அங்கே ஒரு துருப்பிடித்த கம்பி வேலியில் சேலை மாட்டிக் கிழிந்தது. பச்சை வாயில் சேலை.

செப்டம்பர் 17, செவ்வாய்

காஸ் வந்தது. எலுமிச்சை ஊறுகாய் பூத்துவிட்டது, கொட்டினேன். முப்பத்துநான்கு வரை முடிந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

இந்தப் பக்கத்தைத் திருப்பினால் அவர் எழுத்து. 'ஓடு பார்க்க. வடக்கு மூலை.' மனுஷன் ஜனவரியிலேயே வருடம் முழுக்க வேலைகளை அந்தந்தத் தேதியில் எழுதி வைக்கிறவர். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

ஏணி போட்டு ஆளை ஏற்றிப் பார்த்தேன். வடக்கு மூலையில் நான்கு ஓடு உடைந்திருக்கிறது. "நல்ல நேரத்துல பாத்தீங்கம்மா, அடுத்த மழைக்குக் கட்டில்மேலதான் கொட்டியிருக்கும்" என்றான் ஓடு மாற்றியவன். எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

முன்னால் புரட்டி வேறென்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க மாட்டேன். அவர் சொல்கிறபோது சொல்லட்டும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நாற்பத்தாறு வரை. நாற்பத்தேழை மட்டும் விட்டுவிட்டு நாற்பத்தெட்டுக்குப் போய்விட்டேன். நாற்பத்தேழில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியும். அவசரமில்லை.

வேலிக் கம்பியில் மறுபடி சேலை. அதே இடம். ஆரோக்கியத்திடம் சொன்னேன். "அந்தக் கம்பிய வளச்சு விட்டுட்டேன்க்கா, போன வாரமே" என்றார். போய்ப் பார்த்தால் உண்மைதான், வளைத்துச் சுவரோடு ஒட்ட வைத்திருக்கிறார். பின்னே சேலை எதில் மாட்டியது? முந்தானையில் மூன்று நூல் இழுத்திருக்கிறது. வயதானால் நடை தள்ளாடும், எதிலாவது உரசியிருப்பேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பூசை முடிந்து பக்கத்து வீட்டு லில்லி கேட்டாள், "நாப்பத்தேழு உங்க குழந்தையோடதுதானே அக்கா?" என்று. ஆமாம் என்று நடந்துவிட்டேன். கேட்டுவிட்டாள், எழுதிவிடுகிறேன்.

1981, ஜூலை. ஆண். இரண்டு மணி நேரம் இருந்தான். ஞானஸ்நானம் ஆகவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், பிள்ளை பெற்றவளை அடக்கத்துக்குக் கூட்டிப்போகிற வழக்கம் கிடையாது. அவர்தான் எடுத்துக்கொண்டு போனார். மூன்று மாதம் கழித்துக் கல்லறைத் திருநாளன்று என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் கீழ்ச் சுவர் ஓரம் ஒரு சின்னக் கல்லறையைக் காட்டினார். வெள்ளையடித்து, எழுத்து எதுவும் இல்லாமல் இருந்தது. பேர் வைக்காத பிள்ளைக்கு என்ன எழுதுவது.

அதிலிருந்து வருடா வருடம் போனோம். முந்தின நாளே அவர் போய்ச் சுண்ணாம்பு அடித்துவிடுவார். மறுநாள் நான் குடை பிடிப்பேன், அவர் இரண்டு மெழுகுதிரி ஏற்றுவார், பேக்கரியிலிருந்து சின்ன ரொட்டி இரண்டு வைப்பார். "ஒரு பிள்ளைக்கு எதுக்கு ரெண்டு?" என்று ஒரு தடவை கேட்டேன். "காத்துல ஒண்ணு அணைஞ்சா இன்னொண்ணு நிக்கும்ல" என்றார். "ரொட்டியுமா அணையும்?" என்றேன். சிரித்தார். கஞ்சன் என்று பேர் எடுத்த மனுஷன், அந்த ஒரு நாள் மட்டும் தாராளம்.

போன வருடம் நான் மட்டும் போனேன். மழை. ஒரு திரி ஏற்றிவிட்டு வந்துவிட்டேன். சுண்ணாம்பு அடிக்கவில்லை.

தலைமாட்டில் தண்ணீர் டம்ளர் வைத்துக்கொண்டு படு, இரவில் இருமல் வருகிறதே என்று லில்லி சொல்கிறாள். நான் வைப்பதில்லை. காரணமெல்லாம் ஒன்றுமில்லை.

அக்டோபர் 3, வியாழன்

எப்படி எழுதுவது.

கணக்கு முடியப்போகிறது, நாற்பத்தேழை எழுதிவிடலாம் என்று வாளித் தண்ணீரும் தேங்காய் நார்ப் பிரஷும் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு மழைக்காலம் சுண்ணாம்பில்லாமல் கிடந்ததில் பூச்சு பொரிந்து பொரிந்து நின்றது. கைவைத்தால் அப்பளமாய் உதிர்கிறது. சுத்தம் செய்துவிட்டுப் புதிதாய் அடிக்கலாம் என்று தேய்த்தேன். ஒரு எழுத்து வந்தது. பிறகு இன்னொன்று.

'நோரா. சார்ஜென்ட் டெம்ப்சியின் அன்பு மகள். வயது மூன்று. 1889.'

ஒரு தடவைக்கு நாலு தடவை படித்தேன். எண்ணைச் சரிபார்த்தேன். பக்கத்துக் கல்லில் தேய்த்துப் பார்த்தேன். இதுதான். முப்பத்தாறு வருடம் நான் குடை பிடித்துக்கொண்டு நின்ற இடம் இதுதான்.

யாரோ வெள்ளைக்காரப் பெண் குழந்தைக்கு முன்னால் நின்று அழுதிருக்கிறேன். என் பிள்ளை எங்கே?

அக்டோபர் 4, வெள்ளி

இந்தப் பக்கத்தில் அவர் எழுதியிருப்பது: 'சுண்ணாம்பு இரண்டு கிலோ. நல்லதாக.'

நல்லதாக! எழுத்து வெளியே தெரியாத அளவுக்குக் கெட்டியாக! முந்தின நாளே தனியாகப் போய் அடித்தது ஏன் என்று இப்போது விளங்குகிறது. எங்கே புதைத்தார் என்று அவருக்கே தெரியாது. அல்லது சொல்ல முடியாத எங்கோ போட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குச் சாமியார் மந்திரித்த கல்லறை மண்ணில் இடமில்லை, சுவருக்கு வெளியே ஓடைக்கரையில்தான் என்பது எனக்குத் தெரியாதா? கேள்விப்பட்டிருக்கிறேன். கேட்காமல் இருந்தேன், ஏனென்றால் அவர் ஒரு கல்லைக் காட்டினார். அங்கே நரி தோண்டும் என்பார்கள்.

என்னைச் சின்னப்பிள்ளை மாதிரி ஏமாற்றியிருக்கிறார். அழுகிற குழந்தைக்கு எதையாவது கையில் கொடுப்பதுபோல ஒரு கல்லறையைக் கொடுத்திருக்கிறார். செத்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது? பேனா கிழித்துவிட்டது, பின்பக்கமும் போயிற்று.

அக்டோபர் 7, திங்கள்

சமைக்கவில்லை. அவர் படத்தைத் திருப்பி வைத்தேன்.

அக்டோபர் 10, வியாழன்

கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறதா என்று ஒரு கேள்வி குளித்துக்கொண்டிருக்கும்போது வந்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

நர்ஸ் கேட்டாள். மலையாளத்துப் பெண், நம்ம வேதம்தான். பிள்ளை நீலமாக இருந்தான். "சேச்சி, ஞான் வெள்ளம் ஒழிக்கட்டே?" என்று கேட்டாள், தண்ணீர் ஊற்றட்டுமா என்று. ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் நெற்றியில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம், எல்லாக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். டம்ளரில் தண்ணீர் என் தலைமாட்டிலேயே இருந்தது. என் கை எட்டும். நான் வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்து, என் அண்ணன் மடியில் வைத்து, சாமியார் கையால் என்றேன். ஊற்றச் சொன்னால் அவன் போய்விடுவான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகுமே. அதனால்.

அவன் ஞாயிற்றுக்கிழமை வரை இருக்கவில்லை. அன்று சாயங்காலம்கூட இருக்கவில்லை.

மந்திரித்த மண்ணை அவனுக்கு இல்லாமல் செய்தது அவரில்லை. வீட்டுக்கு வந்ததும் அவரிடம், "அந்த நாளைப் பத்தி இந்த வீட்டுல பேசக்கூடாது" என்று சொன்னதும் நான்தான். பேசவில்லை, பாவம். முப்பத்தேழு வருடம் பேசவில்லை.

இருந்தாலும் பொய் பொய்தான்.

அக்டோபர் 12, சனி

பட்டியலை முடித்துக் கொடுத்துவிட்டேன். 47: நோரா டெம்ப்சி, 1889. கேட்பார்: இல்லை.

எழுதும்போது ஒரு குரூரமான திருப்தி இருந்தது. உண்மையைத்தான் எழுதினேன். அவளைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

திரும்பும்போது ஓடைக்கரைக்குப் போய் நின்று பார்த்தேன். லாந்தனாப் புதர், பிளாஸ்டிக் குப்பை. எந்தப் புதரைப் பார்த்து நிற்பது என்று தெரியவில்லை. அங்கே ஒன்றுமே கேட்கவில்லை. அது செத்த லைன். சுவருக்கு உள்ளே வந்ததும் மறுபடியும் அந்த அமைதி, எதிரில் ஆள் இருப்பது போல. நான் நிற்காமல் நடந்தேன். கீழ்ச் சுவர் ஓரம் சேலை மறுபடி எதிலோ பிடித்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கிழிந்த சத்தம் கேட்டது.

அக்டோபர் 16, புதன்

மழை. வடக்கு மூலை ஒழுகவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

பட்டியல் கோயில் பலகையில் ஒட்டியாயிற்று. உரிமை கோருகிறவர்கள் படிவம் எழுதிக் கொடுக்கலாமாம். இன்றைக்கு மூன்று குழி திறந்தார்கள். கர்னலுடைய இரண்டாவது மனைவியும் அதில் சேர்த்தி. எலும்புக் கிணற்றுப் பக்கம் போகவில்லை.

அக்டோபர் 23, புதன்

மதியம் இரண்டரை. ஆரோக்கியம் வீட்டு வாசலில் வந்து நின்றார். இந்த நேரத்தில் அவர் பூந்தோட்டத்தில் இருக்க வேண்டும். காலில் மண்ணில்லை, கையில் மண்வெட்டி மட்டும் இருந்தது.

"உள்ள வாங்க" என்றேன். வரவில்லை.

"அக்கா, நாப்பத்தேழுக்கு எதுக்கு இல்லைன்னு எழுதுனீங்க?"

"இல்லை, அதனால எழுதினேன். அது வெள்ளைக்காரப் பிள்ளை கல்லறை. நீங்க தோண்டிக்குங்க."

"ஜெபமாலைப் பாட்டி காலைல தவறிட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம். நாப்பத்தேழும் நாப்பத்தெட்டும் சின்னக் குழி, ரெண்டையும் சேத்து ஒண்ணா வெட்டச் சொல்லிட்டாங்க. மம்பட்டிய எடுத்துட்டுப் போயி நின்னேன். என்னால முடியலக்கா. உங்க மேல எனக்கு இம்புட்டுக் கோவம் வரும்னு நான் நெனச்சதே இல்ல."

"என் மேல என்ன கோவம்?"

"உங்க பிள்ளைய நீங்களே கெணத்துல போடச் சொல்லுவீங்களா?"

"என் பிள்ளை அங்க இல்லை ஆரோக்கியம்."

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அண்ணன் உங்ககிட்ட சொல்லவே இல்லையா?" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். ஒரு வார்த்தை விட்டுப்போகக் கூடாது.

"அப்ப குழி வேல எங்கப்பன் பாத்தாரு. எனக்கு இருவத்திரண்டு வயசு, கூடமாட வெட்டுவேன். அண்ணன் பிள்ளையத் துணியில சுத்தி, மேல ரொட்டி மூடுற வெள்ளத் துணியப் போட்டுக் கொண்டாந்தாரு. பழைய சாமியார் ரொம்பக் கண்டிப்பு. ஞானஸ்நானம் இல்லேன்னா செவுத்துக்கு வெளியதான்னுட்டாரு. அண்ணன் ஓடக்கரைக்குப் போயிப் பாத்துட்டுத் திரும்பி வந்தாரு. நரி பறிச்ச குழி ரெண்டு தொறந்து கெடந்துச்சு. 'இங்க வெச்சுட்டு என் பொண்டாட்டி மொகத்துல நான் எப்படி முழிப்பேன்'னு எங்கப்பன் காலப் புடிச்சிட்டாருக்கா. எங்கப்பன் அதுக்கு முன்னயும் அப்படிச் செஞ்சதில்ல, பின்னயும் செஞ்சதில்ல. புதுசாக் குழி வெட்டுனா தெரிஞ்சிரும். அதனால அந்த வெள்ளக்காரப் பிள்ள குழியத் தெறந்து, அது கால்மாட்டுல வெச்சோம். 'அதுவும் நூறு வருசமாத் தனியாக் கெடக்குது, தொணைக்குத் தொண ஆச்சு'ன்னாரு எங்கப்பன். யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனாரு. தெரிஞ்சா பிள்ளையத் தோண்டி வெளிய வெச்சிருவாங்க, எங்களுக்கும் வேல போயிரும்."

நான் படியில் உட்கார்ந்தேன். முழங்கால் வலிகூடத் தெரியவில்லை.

"மூடுறதுக்கு முன்னால அண்ணன் துணிய வெலக்கி, எங்க கூஜாத் தண்ணிய எடுத்து நெத்தியில ஊத்துனாரு. 'செத்த பிள்ளைக்குச் செல்லாதுப்பா'ன்னு எங்கப்பன் சொன்னாரு. 'செல்லுமா செல்லாதான்னு வாங்கிக்கிறவரு பாத்துக்குவாரு'ன்னுட்டாரு அண்ணன். பேரும் சொல்லித்தான் ஊத்துனாரு."

"என்ன பேர்?"

"இன்னாசி."

எங்கள் அப்பா பேர். ஏழாம் மாதத்தில் ஒரே ஒரு தடவை, பையனாக இருந்தால் என்று அவரிடம் சொன்னேன். அதன் பிறகு என் வாயிலிருந்து அந்தப் பேர் வந்ததில்லை. இந்த டைரியில்கூட எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன். இன்னாசி. இன்னாசி.

படிவம் வாங்க இப்போதே கோயிலுக்குப் போகிறேன். மீதி வந்து.

அதே நாள், ஆறு மணி

சாமியார் மேஜையில் படிவத்தை வைத்தேன். ஆரோக்கியம் பின்னால் நின்றார். ஹிலாரி சாமியாருக்கு என் மகன் வயதுகூட இருக்காது. செல்போனில் ஜெபமாலைப் பாட்டியின் அடக்கத்துக்கு யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் படிவத்தை இழுத்துப் படித்தார். படித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

"குழி எண் நாப்பத்தேழு. புதைக்கப்பட்டவர் பெயர்ல ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. நோரா, இன்னாசி."

"ஆமா சாமி."

"ரெண்டு பேருக்கும் நேரா, உறவு முறை 'அம்மா'ன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"இன்னாசி சரிம்மா, கேக்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்கு. நோரா ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தொம்பதுல செத்த பொண்ணு. அவளுக்கு நீங்க எப்படி அம்மா?"

வழியெல்லாம் வேறு பதில் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். வாயில் வந்தது இதுதான்: "மூணு வயசுப் பிள்ளை சாமி. என் மகனை முப்பத்தெட்டு வருஷமா வச்சுப் பாத்துக்கிட்டிருக்கா. அவளை நான் கேட்பாரில்லைன்னு எழுதினேன். இன்னொரு தடவை எழுத மாட்டேன்."

சொல்லிவிட்டு அழுதேன். எழுபது பேர் கேட்கிற லைனில்கூடக் குரல் உடையாமல் பேசியவள், ஒரு பையன் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். சாமியார் எழுந்து வந்து கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இப்பல்லாம் அந்தச் சட்டம் இல்லம்மா. அந்தப் பிள்ளைகளுக்கும் உள்ளதான் எடம்." முப்பத்தெட்டு வருடம் தாமதமாக வந்த சேதி. இருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜெபமாலைப் பாட்டிக்கு முப்பத்தொன்றாம் எண். அங்கே ஒரு ஒண்டிக்கட்டைக் குதிரை டாக்டர் இருந்தார். கர்த்தர் அவரை மன்னிக்கட்டும், என்னையும்.

அக்டோபர் 24, வியாழன்

அடக்கத்துக்குப் போனேன். எல்லோரும் போனபின் கீழ்ச் சுவர்ப் பக்கம் போனேன். நாற்பத்தேழு அப்படியே இருந்தது. மண்வெட்டி பட்ட அடையாளம்கூட இல்லை. பேச வேண்டும் என்று போனவள் நின்றுவிட்டு வந்தேன். சேலை மாட்டவில்லை. மாட்டுமா என்று காத்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

படத்தை நேராகத் திருப்பி வைத்துவிட்டேன். "பெரிய ஆளுதான்" என்றேன் அவரிடம். வேறென்ன சொல்வது.

ஒன்று மட்டும் ஆறவில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை? சாமியார்கள் மாறினார்கள், சட்டம் மாறியது, ஆரோக்கியத்தின் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். பயம் என்றால் அந்தப் பயத்துக்குப் பத்து வருடம் போதாதா? தண்ணீரைப் பற்றிச் சொன்னால் என் தண்ணீர் ஞாபகம் வரும் என்று இருந்தாரா? நர்ஸ் அவரிடம் சொல்லியிருப்பாளோ? எல்லாம் தெரிந்துகொண்டேதான் என் பக்கத்தில் படுத்தாரோ?

அக்டோபர் 31, வியாழன்

சுண்ணாம்பு இரண்டு கிலோ வாங்கினேன். நல்லதாக.

நவம்பர் 1, வெள்ளி

மதியம் போய் நானே அடித்தேன். ஆரோக்கியம் சுண்ணாம்பு மட்டையைக் கேட்டார், கொடுக்கவில்லை. எழுத்து இருக்கிற இடத்தை மட்டும் பூசாமல் விட்டேன். நோரா பேருக்குக் கீழே அரை முழம் கல் சும்மா இருக்கிறது. கல்தச்சரிடம் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை வருவார்.

முந்தானை நுனியில் சுண்ணாம்புக் கறை, சின்னதாக, ஐந்து விரல் வைத்த மாதிரி. என் கை பட்டதாகத்தான் இருக்கும். என் கை அவ்வளவு சின்னதில்லை. துவைக்கவில்லை, மடித்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 2, சனி. கல்லறைத் திருநாள்

போய்விட்டு வந்துதான் இந்தப் பக்கத்தைத் திருப்பினேன்.

மூன்று மணிக்குப் போனேன். ஊரே பூந்தோட்டத்தில்தான் இருந்தது, சாமந்தியும் ஊதுபத்தியும் சாம்பிராணியுமாக. பேக்கரியில் சொல்லிச் செய்து வாங்கின சின்ன ரொட்டி இரண்டு. மெழுகுதிரி இரண்டு. ஒன்று கால்மாட்டில், ஒன்று தலைமாட்டில். மஞ்சு இறங்கியது, காற்றும் இருந்தது. எல்லோருடைய திரியும் அணைந்து அணைந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அந்தப் பழைய அமைதி வந்தது, எதிரில் ஆள் இருந்து பேசாத அமைதி. இந்தத் தடவை "ஹலோ" என்றேன். "இன்னாசி, அம்மா பேசறேன்" என்றேன். பக்கத்துக் கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு, எழுதலாம் என்று டைரியைத் திறந்தேன். மேலே அவருடைய எழுத்து, கோணல் மாணலாக, நீல மையில்:

'மெழுகுதிரி 2. சின்ன ரொட்டி 2. பிலோமியிடம் இந்த வருஷமாவது சொல்லிவிட வேண்டும்.'

இந்த வருஷமாவது. பழைய டைரிகளையெல்லாம் போன மழைக்காலத்தில் பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டேன். எத்தனை நவம்பர் இரண்டில் இதையே எழுதியிருந்தாரோ. நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயேதான் நின்றேன். ஒரு தடவை நான் முகம் கொடுத்திருந்தால் சொல்லியிருப்பார்.

அதற்குக் கீழே என் கையால் எழுதுகிறேன்.

சொல்லியாயிற்று. ரொட்டி வைத்தாயிற்று. திரி இரண்டும் கடைசி வரை நின்று எரிந்தது.